ஆகாயத்துக் கரகரப்பு

என் சிறு வயதில், விளாத்திகுளத்தில் கோடை மழையை முன்கூட்டித் தெரிந்துகொள்வதற்கு ஒரு யந்திரம் இருந்தது. என் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் இருந்த வால்வு ரேடியோதான் அது. அதில் வாசிக்கப்பட்ட வானிலை அறிக்கையைச் சொல்லுகிறேன் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. அந்த அறிக்கையைக் கரிசல் காட்டுச் சம்சாரிகள் பெரிதாகப் பொருட்படுத்தியதில்லை. அறிக்கைக்கும் சங்கீதத்துக்கும் நடுவே புகுந்து இரண்டையும் கெடுக்குமே, அந்தக் கரகரப்பைத்தான் சொல்லுகிறேன்.

சித்திரை மாதத்துப் பிற்பகலில் ஆகாயம் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருக்கும். மேற்கே ஒரு பொட்டு மேகங்கூடத் தென்படாது. ஆனால் பெட்டி மட்டும் 'கர், கர்' என்று இருமத் தொடங்கும். கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் பெரியப்பா சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "களத்திலே கிடக்கிற வத்தலை அள்ளுங்கள்!" என்று கூவுவார். சில நாழிகைக்கெல்லாம் இடி முழக்கத்துடன் மழை இறங்கும். தொலைவில் அடித்த மின்னலே பெட்டிக்குள் இருமலாகக் கேட்டது என்பது, பின்னாளில் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம். பெரியப்பாவுக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது.

சென்ற மாதம் அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா இப்போது இல்லை, ரேடியோவும் இல்லை. கட்டில் மட்டும் இருக்கிறது. அதில் அவருடைய மகன், என் அண்ணாச்சி, வீற்றிருந்தார். என்னை வரவழைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய இளைய மகள் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் பௌதிக சாஸ்திரத்தில் எம்.எஸ்ஸி. முடிக்கப் போகிறாள்.

"தம்பி, பி.எட். படித்துவிட்டு ஊரோடு வாத்தியார் வேலை பார் என்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறாள். புனாவுக்குப் போய் ஆகாயத்து ரேடியோவை ஆராய வேண்டுமாம். நீ நாலும் தெரிந்தவன். நல்ல வார்த்தை சொல்லித் திருப்பு" என்றார் அண்ணாச்சி.

நான் பெண்ணைக் கூப்பிட்டு, "எதைப் பற்றியம்மா ஆராயப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"நட்சத்திர மண்டலங்கள் கூட்டங் கூட்டமாக இருக்கின்றன அல்லவா, சித்தப்பா? அவற்றின் நடுவே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, மங்கலாக ஒரு ரேடியோ ஒளி வருகிறது. அதைப் பற்றி."

"கேட்டாயா? ஒன்றுமில்லாத இடத்தில் மங்கலாகத் தெரிகிறதாம்! இதற்குப் புனா வரை போக வேண்டுமா?" என்றார் அண்ணாச்சி.

கேள்வி நியாயமானதுதான். அண்ணாச்சியைப் போன்ற தகப்பனார்கள் தமிழ் நாட்டில் இன்னும் பலர் இருப்பார்கள். ஆகையால் அன்று திண்ணையில் நான் சொன்ன பதிலையே இந்த வாரம் எழுதுகிறேன்.

* * *

வானத்திலிருந்து ரேடியோ அலைகள் வருகின்றன என்னும் சங்கதியே கரகரப்பை ஆராயப் போய் அகப்பட்டதுதான். 1932-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞர், தொலைபேசிச் சம்பாஷணையில் குறுக்கிடும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக நியமிக்கப்பட்டிருந்தார். அருகில் இடிக்கும் இடி ஒரு வகை இரைச்சல். தொலைவில் இடிக்கும் இடி இன்னொரு வகை. இவ்விரண்டிலும் சேராமல் மெல்லிய சீறலாக மூன்றாவது ஒன்றும் இருந்தது. அது நாள்தோறும் சுமார் நான்கு நிமிஷம் முந்தி வந்தது. இரவில் கமலை இறைத்த நம் பாட்டனார்களுக்கு இந்தக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. நாளுக்கு நான்கு நிமிஷம் முந்தி உதிப்பவை நட்சத்திரங்கள் அல்லவா? அந்தச் சீறல் பூமியைச் சேர்ந்ததல்ல, நமது பால்வீதியின் நடுப்பாகத்திலிருந்து வருவது என்று ஜான்ஸ்கி கண்டு, 1933-இல் வெளியிட்டார்.

நம்முடைய சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் பல்லாயிரங் கோடி சேர்ந்தது பால்வீதி என்னும் ஒரு மண்டலம். இத்தகைய மண்டலங்கள் தனித்தும் இருக்கின்றன. நூற்றுக் கணக்கில், ஆயிரக் கணக்கில் ஒரே இடத்தில் திரண்டு கூட்டமாகவும் இருக்கின்றன. ஒரு கூட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒளி சென்று சேர 50 லட்சம், 1 கோடி வருஷம் ஆகும். ஒளியோ ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது.

மண்டலங்களுக்கு இடையே உள்ள வெளி பார்வைக்கு வெறும் இருட்டு. உண்மையில் அது வெறும் வெளி அன்று. அங்கே ஒரு மெல்லிய வாயு நிரம்பியிருக்கிறது. ஒரு படி கொள்ளும் இடத்தில் ஓர் அணு அல்லது இரண்டு அணு இருந்தால் அதிகம், அவ்வளவு மெல்லியது. ஆனால் அதன் சூடு 1 கோடி டிகிரி முதல் 10 கோடி டிகிரி வரையில். இடம் பெரிதாகையால், இந்த வாயு முழுவதையும் கூட்டி நிறுத்தால் அந்தக் கூட்டத்திலுள்ள நட்சத்திரங்கள் அனைத்தையும்விடப் பன்மடங்கு எடை இருக்கும். எக்ஸ் கிரணங்களைக் காணும் கருவிகளை ஆகாயத்தில் ஏற்றிய பிறகுதான் இது தெரிய வந்தது.

அதற்கு முன்பே, 1959-இல், இங்கிலாந்தில் ஜோட்ரல் பாங்க் என்னுமிடத்திலுள்ள 76 மீட்டர் அகலமான ரேடியோத் தொலைநோக்கியால், கோமா என்ற கூட்டத்தை மூவர் ஆராய்ந்தார்கள். கோமா நமக்குச் சுமார் 32 கோடி ஒளி வருஷத் தூரத்தில் இருக்கிறது. தனித்தனி மண்டலங்களிலிருந்து ரேடியோ அலைகள் வருவது அவர்களுக்குப் புதிதன்று. அவர்கள் கண்ட புதுமை, எந்த மண்டலத்துக்கும் சொந்தமில்லாமல் கூட்டத்தின் நடுவில் மங்கலாகப் பரந்து கிடந்த ஒரு ரேடியோ மூட்டம். சந்திரனைச் சுற்றித் தோன்றும் பரிவேஷத்தின் பெயரையே ஆங்கிலத்தில் அதற்கு இட்டார்கள். கூட்டத்தின் நடுவில் இருப்பது பரிவேஷம். ஓரத்தில் வில்லைப் போல் வளைந்து காணப்படுவது எச்சம். இந்த இரண்டும்தான் அண்ணாச்சியின் மகள் சொன்ன 'மங்கலான ரேடியோ ஒளி'.

* * *

இந்த மூட்டம் ஏன் இருக்கிறது? விஷயத்தின் சுவாரஸ்யமே இங்கேதான் ஆரம்பமாகிறது.

ரேடியோ அலையை வீசுபவை எலெக்ட்ரான்கள். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பறக்கும் எலெக்ட்ரான், காந்த சக்தி உள்ள வெளியில் சுழன்று சுழன்று செல்லும்போது அலையை வெளிவிடுகிறது. ஆகவே மூட்டம் உள்ள இடமெல்லாம் காந்த சக்தியும் இருக்கிறது என்று ஏற்படுகிறது. நமது திசைகாட்டியின் முள்ளைத் திருப்புகிற பூமியின் காந்த சக்தியில் லட்சத்தில் ஒரு பங்குகூட அது இல்லை. ஆனால் பல லட்சம் ஒளி வருஷ தூரத்துக்கு அது வியாபித்திருக்கிறது.

அலையை வீச வீச எலெக்ட்ரானின் சக்தி குறைகிறது. சுமார் 10 கோடி வருஷத்தில் அது ஓய்ந்துவிடும். இது நமக்குப் பெரிய காலமாகத் தோன்றலாம். ஆனால் காந்தச் சிக்கலில் மாட்டித் தட்டுத் தடுமாறிச் செல்லும் எலெக்ட்ரான், அதற்குள் கூட்டத்தின் பரப்பில் ஒரு சிறு பகுதியைத்தான் தாண்ட முடியும். ஒரு மண்டலத்திலிருந்து புறப்பட்டு 30 லட்சம் ஒளி வருஷ அகலத்தையும் நிரப்புவதென்பது நடவாத காரியம். அப்படியானால், இருந்த இடத்திலேயே யாரோ அவற்றுக்குப் புதிதாக வேகம் ஊட்டுகிறார்கள். அது யார்?

ஒரே வீதியில் இரண்டு ஊர்வலங்கள் எதிரெதிரே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் விலகி இடைவெளியில் நுழைந்து போய்விடுவார்கள். இரு கூட்டமும் கிளப்பிய புழுதியோ ஒன்றோடொன்று மோதிக் கலந்து சுழன்று எழும்பும். வானத்திலும் இப்படியே. இரண்டு கூட்டங்கள் தம் கவர்ச்சியால் இழுக்கப்பட்டு, விநாடிக்கு 1,000, 2,000 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுகின்றன. நட்சத்திர மண்டலங்கள் பெரும்பாலும் மோதாமல் கடந்து போகின்றன. வாயு மட்டும் மோதுகிறது. பிரபஞ்சம் தோன்றிய பின்னர் இவ்வளவு பெரிய சக்தி செலவாகும் சம்பவம் வேறு இல்லை. மோதலில் எழும் அதிர்ச்சி அலை கூட்டத்தின் ஓரம் வரை ஓடி, அங்கே எச்சமாகிய வில்லை வரைகிறது. நடுவில் எழும் கொந்தளிப்பு, ஓய்ந்த எலெக்ட்ரான்களைத் தட்டியெழுப்பிப் பரிவேஷத்தை உண்டாக்குகிறது. இதுவே இன்று வானசாஸ்திரிகள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் விளக்கம்.

2006-ஆம் வருஷத்தில் புனாவிலுள்ள ஜாய்தீப் பாக்சியும், பிரான்ஸ், பிரேஸில் தேசத்து வானசாஸ்திரிகளும் அமெரிக்காவிலுள்ள ரேடியோத் தொலைநோக்கியைக் கொண்டு ஆராய்ந்து, ஏபெல் 3376 என்ற கூட்டத்தின் இரு புறத்திலும் இத்தகைய விற்கள் இருப்பதை வெளியிட்டார்கள். இரண்டு வில்லையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 60 லட்சம் ஒளி வருஷ அகலமுள்ள ஒரு மாபெரும் மோதிரம் போல் இருந்தது.

* * *

இவ்வளவையும் கேட்ட அண்ணாச்சி, "சரி, அமெரிக்காவிலே கருவி இருக்கிறது, இங்கிலாந்திலே இருக்கிறது. புனாவிலே என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"நீங்கள் உட்கார்ந்திருக்கிற கட்டில் இருக்கிறது, அண்ணாச்சி!" என்றேன்.

நான் பரிகாசம் பண்ணுவதாக அவர் நினைத்தார். ஆனால் அது முழு உண்மை. புனாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் என்ற ஊருக்குப் பக்கத்தில், கோடத் என்னும் கிராமம் இருக்கிறது. அங்கே 45 மீட்டர் அகலமான 30 பெருந் தட்டங்கள் ஆகாயத்தை நோக்கி நிற்கின்றன. தட்டம் என்றவுடன் பளபளவென்று மூடிய உலோகத் தகடு என்று எண்ண வேண்டாம். இரும்புச் சட்டத்தில் உருக்குக் கம்பிகளை இழுத்துக் கட்டி, அவற்றின் மேல் மெல்லிய கம்பி வலையைப் பரப்பியிருக்கிறார்கள். சட்டமும் கயிறுமாகச் சேர்ந்து பலகைக் கட்டிலின் வேலையைச் செய்கிற நமது கயிற்றுக் கட்டிலின் தத்துவந்தான். அரை மீட்டர், ஒரு மீட்டர் நீளமுள்ள அலைக்கு, விரல் நுழையும் ஓட்டை ஓட்டையாகவே தெரியாது. சுவரில் பட்டதுபோல் திரும்பிவிடும். காற்றோ ஓட்டை வழியே புகுந்து போய்விடும். காற்றைத் தடுக்க வேண்டாமாகையால் சட்டம் கனமாக இருக்க வேண்டியதில்லை. இரும்பும் மிச்சம், பணமும் மிச்சம். நெடிய அலைகளை வாங்குவதில் உலகத்தின் முதல் வரிசைக் கருவிகளில் ஒன்றை, நம் நாட்டுப் பொறியாளர்கள் நம் நாட்டிலேயே இந்தச் சிக்கனத்தால் 1990-களில் எழுப்பினார்கள்.

இந்த யோசனைக்கு உடையவர் கோவிந்த ஸ்வரூப். 1961-இல் அவரும், டி. கே. மேனன், முகுல் குண்டு, டி. கிருஷ்ணன் ஆகிய மூவரும் அந்நிய தேசங்களில் நல்ல பதவியில் இருந்தார்கள். நால்வரும் சேர்ந்து, தாய்நாட்டில் ரேடியோ வான ஆராய்ச்சியைத் தொடங்க வாய்ப்பளித்தால் திரும்பி வருவதாக இந்தியாவுக்கு எழுதினார்கள். ஹோமி பாபா அதற்கு இசைந்தார். 1963-இல் ஸ்வரூப் பம்பாயிலுள்ள டாடா ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியாவில் உபயோகித்து ஒதுக்கிய 32 சிறு தட்டங்களைக் கொண்டு பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாணில் முதல் கருவியை அமைத்தார்.

இரண்டாவது கருவி நம் தமிழ் நாட்டுக்கு வாய்த்தது. உதகமண்டலத்துக்கு அருகே முத்தொரையில், வடக்குத் தெற்காக அந்த இடத்தின் அட்ச ரேகைக்குச் சமமாக, ஏறக்குறைய 11 டிகிரி சரிந்த ஒரு மலைச் சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அதன் மேல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக ஒரு நீண்ட தொட்டி போன்ற தொலைநோக்கியை 1970-இல் முடித்தார்கள். சரிவும் அட்ச ரேகையும் சமமாகையால், தொட்டியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. அதை ஒரே அச்சில் மெல்லச் சுழற்றினாலே நட்சத்திரத்தை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். மலையே யந்திரத்தின் பாதி வேலையைச் செய்கிறது! அதன் பிரதிபலிக்கும் பரப்பும் தகடு அன்று. 1,100 மெல்லிய உருக்குக் கம்பிகள். கோடத்தின் கட்டிலுக்கு உதகமண்டலமே முன் மாதிரி. ஸ்வரூப் 2020-இல் காலமானார்.

* * *

ஆனால் பெரிய கருவி இருந்தால் மட்டும் மங்கல் அகப்பட்டுவிடாது. கரிசல் காட்டில் இரவு நின்று, தொலைவிலுள்ள ஊரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கூரிய கண் ஒவ்வொரு விளக்காக எண்ணும். ஊருக்கு மேலே பரவி நிற்கும் வெளிச்ச மூட்டத்தைக் கவனிக்காது. தட்டங்களை வெகு தூரம் தள்ளித் தள்ளி வைத்தால் பார்வை கூர்மையாகும். ஆனால் பரந்த மூட்டம் அந்தப் பார்வைக்குத் தென்படாமலே தப்பிவிடும். அதனால்தான் கோடத்தில் 14 தட்டங்களை ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் நெருக்கி வைத்து, மீதி 16-ஐ மூன்று கைகளாக 25 கிலோமீட்டர் வரையில் பரப்பியிருக்கிறார்கள். தொலைவில் உள்ள தட்டங்கள் விளக்குகளை எண்ணுகின்றன. அந்த விளக்குகளை ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து கழித்த பின், நெருங்கிய தட்டங்கள் மிஞ்சிய மூட்டத்தைக் காட்டுகின்றன. இரவு முழுவதும் கருவியை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துச் சேர்த்த கணக்கை, பல நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தால், ஒரு மங்கல் தேறும்.

நெடிய அலையின் பெருமையையும் சொல்ல வேண்டும். மூட்டிய அடுப்பு முதலில் பளீரென்று எரிகிறது. அணையும் தறுவாயில் சாம்பலுக்குள் சிவந்த தணல்தான் மிஞ்சுகிறது. எலெக்ட்ரான்களும் இளமையில் குறுகிய அலைகளையும் வீசும். முதிர்ந்தபின் நெடிய அலைகளை மட்டுமே வீசும். ஏபெல் 521 என்ற கூட்டத்திலிருந்து இன்று நமக்கு வரும் அலைகள் சுமார் 300 கோடி வருஷத்துக்கு முன் புறப்பட்டவை. 21 சென்டிமீட்டர் அலையில் அதன் பரிவேஷம் மிக மிக மங்கல். கோடத்தில் ஒன்றேகால் மீட்டர் அலையில் பார்த்தபோது அது நன்றாகத் தெரிந்தது. புருனெட்டி முதலிய இத்தாலிய வானசாஸ்திரிகள் இதை 2008-இல் வெளியிட்டார்கள். கொந்தளிப்புதான் பரிவேஷத்தை உண்டாக்குகிறது என்ற கொள்கைக்கு அது பெரிய சாட்சியாக அமைந்தது.

அதே கருவியைக் கொண்டு வென்டூரி என்ற இத்தாலியப் பெண்மணியும் அவருடைய சகாக்களும், பெருங் கூட்டங்கள் சுமார் 50-ஐப் பட்டியலிட்டு ஆராய்ந்தார்கள். புனாவின் ரூதா காலே அந்த வேலையை மேலும் விரித்து நடத்தி, 2013-இலும் 2015-இலும் முடிவுகளை வெளியிட்டார். அவர்கள் பார்த்த கூட்டங்களில் பெரும்பாலானவற்றில் ஒன்றுமே தெரியவில்லை! பரிவேஷம் தெரிந்தவை அநேகமாக மோதலில் அகப்பட்டவை. அமைதியாக இருந்தவை மௌனமாகவே இருந்தன.

இப்போது இந்த வேலைக்கு ஒரு சங்கடம் வந்திருக்கிறது. பெரியப்பாவின் பெட்டியில், பக்கத்துத் தோட்டத்தில் பம்ப் செட்டைப் போட்டாலே சங்கீதம் குலைந்துபோகும். கோடத்தின் காதுகளோ அதைவிடப் பல கோடி மடங்கு நுண்ணியவை. தளர்ந்த மின்கம்பியில் எழும் பொறி, மோட்டார் வண்டியின் பொறி, கைப்பேசி, வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள் எல்லாம் அங்கே பேரிடிகள். மங்கலைக் கேட்கப் பூமியில் நிசப்தமான இடங்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. ஆகையினால்தான் தென்னாப்பிரிக்காவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஜன சஞ்சாரமில்லாத வனாந்தரங்களில், பல தேசங்கள் சேர்ந்து அடுத்த பெருங் கருவியை எழுப்பி வருகின்றன. 2024 ஜனவரியில் இந்திய சர்க்கார் அதில் சேர முடிவு செய்து 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தக் கருவி தரப்போகும் கணக்கைச் சுத்தம் செய்யப் பொறுமையுள்ள இளைஞர்களும் இளம் பெண்களும் வேண்டும்.

* * *

நான் சொல்லி முடித்ததும் அண்ணாச்சி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒன்றும் தெரியாத கூட்டத்தையும் எழுதி வைத்துக்கொண்டார்களா?" என்று கேட்டார்.

"அதுதான் முக்கியம் என்கிறார்கள், அண்ணாச்சி. மௌனமாக இருப்பவற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால், சத்தத்துக்கு மோதல்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?"

"வாஸ்தவந்தான். கிணறு எடுக்க இடம் பார்க்கிறவன், தண்ணீர் வராத குழியையும் குறித்துக்கொண்டுதான் போவான். குறிக்காதவன் மறு வருஷமும் அதே இடத்தில் தோண்டுவான்" என்றார் அண்ணாச்சி. கரிசல் பூமியில் எத்தனை வறண்ட குழிகளைப் பார்த்தவர்!

அப்புறம் பணம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று விசாரித்தார். ஆராய்ச்சி மாணவர்கள் பணம் கட்டுவதில்லை, அவர்களுக்கு மாதந்தோறும் உதவித் தொகை கொடுக்கிறார்கள் என்று பெண் சொன்னாள். இந்தத் தகவலைக் கேட்டதும் அவருக்கு வான சாஸ்திரத்தின் மேல் மரியாதை சற்று அதிகமானதை நான் கவனித்தேன். ஆனாலும் கடைசியாக ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது.

"தூர தேசம். அங்கே என்ன சாப்பிடுவாள்?"

"அங்கேயும் நம்மைப் போலக் கம்புதான், அப்பா. ரொட்டி தட்டிச் சாப்பிடுகிறார்கள். மண்ணும் நம் மண்ணைப் போலக் கரிசல்தான்" என்றாள் பெண்.

அண்ணாச்சி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறு நாள் காலையில் நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது, அவர் திண்ணையில் உட்கார்ந்து கட்டிலின் தளர்ந்த கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலை நிமிராமலே கேட்டார்:

"தம்பி, புனாவுக்குக் கோவில்பட்டியிலேயே ரயில் ஏறலாமா, மதுரைக்குப் போய்த்தான் ஏற வேண்டுமா?"